ஏழு வரை எண்ணிய குரல்

எனக்கு எதையும் ‘சரி’ என்று சொல்லிக் கீழே வைக்க வராது. ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகனாக இருந்தேன். பத்துப் பதினொரு வருடம் மைக்ரோமீட்டரும் கையுமாக நின்றதில் அந்தப் புத்தி வீடு வரைக்கும் வந்துவிட்டது. தோசையைப் புரட்டி அடிப்பக்கம் பார்ப்பேன். துவைத்த சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காலர் பார்ப்பேன். “ஏங்க, தோசைக்கு எதுக்கு அளவெடுக்கறீங்க, ஆறிப் போவுது, சாப்புடுங்க” என்பாள் மனைவி. அவளுக்கு மத்தூர், எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியும் அவள் பேச்சை நானும் என் பேச்சை அவளும் கிண்டல் செய்துகொண்டுதான் இருந்தோம்.

அவள் பாடுவாள். கிருஷ்ணகிரியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள். எங்கள் கம்பெனி ஆயுத பூஜை மேடையில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டுத்தான் ஆள் விட்டுப் பெண் கேட்டேன். மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது குரல் மெலியாது, இன்னும் கொஞ்சம் தடிக்கும். அது எனக்கு எப்போதும் ஆச்சரியம். கல்யாணத்துக்குப் பிறகு மேடை போய் அடுப்படிதான் மிச்சம். குழுவும் கலைந்தது. அவர்கள் எடுத்த கேசட்டுகள் யாரிடம் போயினவென்று தெரியவில்லை. எங்கள் செல்போன் டார்ச் அடிக்க மட்டுமே லாயக்கு.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் அவள் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். தைராய்டு கழலை, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். முதலில் மாத்திரை, ஏழெட்டு வாரம் கழித்து ஆபரேஷன். எழுந்திருக்கும்போது அவள் பாடுகிறவள் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் திரும்ப உட்காரச் சொன்னார். குரலுக்குப் போகிற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டித்தான் ஓடுகிறதாம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாதாம், சிலருக்கு மட்டும் மேல் ஸ்தாயி திரும்பாமல் போய்விடுமாம்.

பஸ் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் லாரிகளுக்குப் பின்னால் நின்றபோதுதான் அவள் வாய் திறந்தாள்.

“ஏங்க, அதுக்குள்ள ஒரு தடவ நல்லா பாடி எடுத்து வெச்சிரலாமா? ஆறு பாட்டு போதும்.”

பெங்களூரில் வாடகை ஸ்டூடியோக்கள் இருந்தன. அரை நாள் போதும். அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள். நான்தான் குறுக்கே விழுந்தேன். எவனோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவசரம் அவசரமாகப் பதிவு செய்து கொடுப்பதை நான் எப்படி ஒப்புக்கொள்வது? “நம்ம வீட்லயே கட்டுதேன், பாரு” என்றேன். எட்டு வாரம் இருக்கிறதே என்ற தைரியம். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள்.

நாங்கள் குடியிருந்தது நெடுஞ்சாலையிலிருந்து மூன்றாவது தெருவில், மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்கார அம்மா. தெலுங்குக்காரர். அந்தத் தெருவே ஒரு காலத்தில் அவர்கள் கொல்லைதான். மாடியில் பழைய சாமான் போடும் பத்துக்குப் பத்து அறையைக் காலி செய்தேன். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் அலைந்து கம்ப்யூட்டருக்கு நல்ல சவுண்ட் கார்டும், சின்ன மிக்சரும், மூச்சு விட்டால்கூடப் பிடித்துக்கொள்கிற மைக்கும் வாங்கினேன். சுவரில் ஒட்டினால் சத்தம் அடங்கும் என்று யாரோ சொன்னதால் உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் சொல்லி வைத்து, முட்டை அட்டைகளைக் கட்டுக்கட்டாக ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினேன்.

“ஏமப்பா, மேல கோழிப் பண்ண போடறியா? சொல்லிட்டுப் போடு. நானும் நாலு நாட்டுக்கோழி வாங்கியாந்து உடறேன்” என்றார் வீட்டுக்கார அம்மா.

நாலு சுவரும் ஒட்டி முடித்துவிட்டு, அறை நடுவில் நின்று ஒரு கைதட்டல். முதல் சோதனை அதுதான். வெறும் அறையில் தட்டினால் சத்தத்துக்குப் பின்னால் ‘டிர்ர்’ என்று ஒரு வால் வரும். எதிரெதிர்ச் சுவர்கள் அதைப் பந்து போலத் திருப்பித் திருப்பி அடிப்பதால் வருவது. முட்டை அட்டை அந்த வாலைக் கொஞ்சம் குட்டையாக்கியது, அவ்வளவுதான். வெளிச் சத்தத்தை அது ஒரு இம்மிகூடத் தடுக்கவில்லை. மூன்று நாள் வேலையை ஒரே மாலையில் பிய்த்துப் போட்டேன்.

அடுத்து பாறைக்கம்பளி. பாய்லருக்குச் சுற்றுவார்களே, அது. பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. கோணிக்குள் திணித்து, மேலே துணி தைத்து, சுவருக்குச் சுவர் சட்டமடித்து மாட்டினேன். ஒரு வாரம் உடம்பெல்லாம் அரிப்பு. ஷிப்ட்டில் நின்றபடியே சொறிந்துகொண்டிருந்தேன். கதவு இடுக்கெல்லாம் கார் கதவு ரப்பர் ஒட்டினேன். பிறந்தநாள் பலூன் பாக்கெட் வாங்கி, மூலைக்கு ஒன்றாக ஊதி உடைத்து, அந்தச் சத்தம் எவ்வளவு நேரத்தில் சாகிறதென்று கம்ப்யூட்டரில் பார்த்தேன். வெடி என்று நினைத்து வீட்டுக்கார அம்மா படியேறி ஓடிவந்தார். தாழ்ந்த சத்தம் ஒன்றை ஸ்பீக்கரில் ஓடவிட்டு அறைக்குள் நடந்தால், மூலையில் அது உறுமும், நடுவில் காணாமல் போகும். மூலைக்கு மூலை இன்னும் தடியான மூட்டை வைத்தேன். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி வேலைக்கும் அந்த அறைக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால்கூடக் கை தானாக மேசையைத் தட்டிப் பார்க்கும்.

கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் சத்தம் அளக்கும் கருவி ஒன்று இருந்தது. கேட் பாஸ் போட்டு வாங்கி வந்தேன். அறை முப்பது டெசிபலுக்குள் இருந்தால்தான் பதிவு என்று நானே ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். முதல் நாள் நாற்பத்தாறு. ஃபேனை நிறுத்தினேன். ஃபிரிட்ஜை நிறுத்தினேன். டியூப் லைட்டின் சோக் உறுமியது, அதைக் கழற்றினேன். எதிர்வீட்டு வரிசையில் பவர் பிரஸ் பட்டறை ஒன்று நாளெல்லாம் இரும்புத் தகட்டில் வாஷர் அடித்துக்கொண்டிருந்தது. ‘டங்’ என்று காதில் விழும் முன்பே தரை வழியாகக் காலில் ஏறும். அதற்காக அவளுடைய ஸ்டூலுக்கும் மைக் ஸ்டாண்டுக்கும் அடியில் ரப்பர் வைத்தேன். எல்லாம் அடங்கிய ஒரு நிமிடத்தில் சுவரில் பல்லி கத்தியது.

“அதுக்கும் ஒரு கேட் பாஸ் போட்டு வெளிய அனுப்பிடுங்க” என்றாள் அவள்.

ராத்திரியில் எடுக்கலாமே என்று சொன்னவர்கள் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் குடியிருந்ததில்லை. ராத்திரிதான் லாரிகளுக்குப் பகல்.

மைக்கைச் சோதிக்க ஒரு குரல் வேண்டும். என் கட்டைக் குரல் எதற்கும் உதவாது. தினமும் அவளைக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்து, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொல்வேன். ஒரு சாண் தள்ளி எண்ணு, இரண்டு சாண் தள்ளி எண்ணு, கதவைப் பார்த்து எண்ணு. ஃபேன் கிடையாது, வியர்வை வழியும். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எண்ணுவாள். அவள் கை அந்தக் கட்டியின் மேல் போகும்போதெல்லாம் இன்னும் வேகமாக அடுத்த மூட்டையைத் தைப்பேன்.

எண்ணி முடித்ததும் கேட்டுப் பார்ப்பேன், குறை எழுதுவேன், அந்தப் பதிவை அழித்துவிடுவேன். இதை ஏன் செய்தேன் என்று பின்னால் பலபேர் கேட்டார்கள். எங்கள் தொழிலில் அது கை பழகிப்போன விஷயம். மெஷினை அளவுக்குக் கொண்டுவரும்போது முதலில் வரும் உருப்படிகளை நாங்கள் நல்ல சரக்கோடு சேர்க்க மாட்டோம். சிவப்பு பெயின்ட் அடித்து, பூட்டுப் போட்ட பெட்டியில் போட்டு, வாரக் கடைசியில் உடைத்துவிடுவோம். தப்பித்தவறி ஒன்று வெளியே போனாலும் என் வேலைக்கு உலைதான். அவள் எண்ணியதும் எனக்குச் சோதனை உருப்படிதான். பதிவு செய்யப் போவது அந்த ஆறு பாட்டு. அதுவரைக்கும் வந்ததெல்லாம் சிவப்பு.

ஒன்றே ஒன்றை மட்டும் வைப்போம். பழுது எப்படி இருக்கும் என்று புதிதாகச் சேருகிறவனுக்குக் காட்ட, இருப்பதிலேயே மோசமான உருப்படி ஒன்றைச் சிவப்பு வளையம் போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் மாட்டியிருப்போம். ரிஜெக்ட் மாஸ்டர் என்று அதற்குப் பேர். நானும் முதல் வாரத்துப் பதிவு ஒன்றை அப்படி ஒதுக்கிப் பேர் போட்டு வைத்தேன். இருக்கிற சத்தமெல்லாம் அதில் இருந்தது.

அது தினமும் மின்வெட்டு இருந்த காலம். மத்தியானம் கரண்ட் போனால் தெரு அப்படியே செத்துப்போகும். பிரஸ் நிற்கும், கீழே டிவி நிற்கும், மோட்டார் நிற்கும். கருவி முப்பத்தொன்று காட்டும். கம்ப்யூட்டரும் நின்றுவிடும். யு.பி.எஸ். வாங்கினேன். கரண்ட் இல்லாதபோது அது ‘பீப் பீப்’ என்று கத்துகிறது. திறந்து பஸ்ஸர் வயரை வெட்டினேன். மறுநாள் பிரஸ்காரர் டீசல் ஜெனரேட்டர் இறக்கினார். கரண்ட் போய், ஆள் வந்து, அதைச் சுற்றி உயிர் கொடுப்பதற்குள் நாலைந்து நிமிடம் கிடைக்கும். அவ்வளவுதான்.

“ஒரு பாட்டு அவ்ளோதானங்க. தெனம் ஒண்ணு பாடறன். ஆறு நாள்ல முடிஞ்சிரும்” என்றாள்.

எவ்வளவு சரியாகச் சொன்னாள்! நான் கேட்கவில்லை. ஆறு நாளில் ஆறு விதமாக இருக்கும், கம்பெனிச் சரக்கு மாதிரி ஒரே லாட்டில், ஒரே நாளில் எடுத்தால்தான் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்று விளக்கம் சொன்னேன். அதுவும் முப்பத்தொன்று; முப்பது இல்லை. அவள் பாட்டு எழுதி வைத்திருந்த தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, “ஒங்களுக்கு நான் எந்த லாட்டுங்க?” என்று கேட்டுவிட்டுப் போனாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

கடைசியில் பிரஸ்காரரைப் போய்ப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் மனிதர் இளகிவிட்டார். “ஞாயித்துக்கெழம ஃபுல்லா மெஷின் ஓட்டல சார், ஜெனரேட்டரும் போடல. அம்மா பாடட்டும்” என்றார். வீட்டுக்கார அம்மாவும் அன்று டிவி போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆபரேஷன் அதற்கடுத்த வாரம். கால அட்டவணை கச்சிதம். எனக்குள் ஒரு திமிர்கூட வந்தது.

வியாழக்கிழமை நான் ஷிப்ட்டில் இருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன். அடுத்த வாரம் டாக்டர் வெளியூர் போகிறார், வேறொருவர் வராததால் இந்தச் சனிக்கிழமை ஆபரேஷனுக்கு இடம் இருக்கிறது, வெள்ளி காலை வந்து சேர்ந்துவிடுங்கள், இதை விட்டால் ஒன்றரை மாதம் ஆகும் என்றார்கள். கட்டி பெரிதாகிக்கொண்டிருந்தது. விழுங்கச் சிரமப்பட ஆரம்பித்திருந்தாள். வருகிறோம் என்றேன். பர்மிஷன் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

தெருமுனையிலேயே சத்தம். பக்கத்து மனையில் போர்வெல் வண்டி நின்றது. கல்லை அரைத்துக்கொண்டு புழுதியும் புகையுமாக அது போட்ட இரைச்சலில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அறைக்குள் கருவி அறுபத்தெட்டு காட்டியது. எவ்வளவு நேரம் ஆகும் என்று வண்டிக்காரனிடம் கேட்டேன். தண்ணீர் வருகிற வரைக்கும் என்றான்.

அவள் தலைவாரி, பொட்டு வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தாள் மடியில் இருந்தது.

“பரவால்லங்க. இப்டியே எடுங்க” என்றாள். கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“இதுல எப்படி எடுக்க? ஒண்ணும் கேக்காது.”

“எனக்குக் கேக்கும். எடுங்க.”

என் கை மைக் பக்கம் போகவே இல்லை. அறுபத்தெட்டில் பதிவு செய்வதற்கா ஏழு வாரம் கோணி தைத்தேன் என்று மனசு முரண்டு பிடித்தது. “பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரே சொன்னாருல்லா. வந்து எடுத்துக்கிடலாம். அறை எங்கயும் போகாது” என்றேன். அவள் தாளை மடித்து, கம்ப்யூட்டர் மேசையில் என் கருவிக்கு அடியில் வைத்துவிட்டுத் துணி எடுத்து வைக்கப் போனாள். நான் அவளை ஒருமுறைகூடத் திரும்பக் கூப்பிடவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுக்கு மாற்றுத்துணி எடுக்க ஓசூர் வந்தேன். தெருவில் ஈ காக்காய் சத்தம் இல்லை. போர்வெல் வண்டி போயிருந்தது. பிரஸ்காரருக்கு நான் எதுவும் சொல்லவில்லை, அவர் வாக்குப்படி ஷட்டரை இறக்கியிருந்தார். கீழே டிவி இல்லை. துணியை எடுத்துக்கொண்டு கிளம்பியவன் நேராகப் போயிருக்கலாம். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கருவியைப் போட்டேன். இருபத்தொன்பது. கைதட்டினேன். வால் இல்லை. இத்தனை நாளில் முதல்முறையாக அறை தேறிவிட்டது. வெறும் ஸ்டூல் எதிரே இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பேச்சு திரும்பியது, கொஞ்சம் கரகரப்பாக. ஆறு மாதம் பொறுங்கள் என்றார் டாக்டர். பொறுத்தோம். அடுப்படியில் அவள் எப்போதாவது ஆரம்பிப்பாள். கீழே நன்றாகவே போகும். ஏற வேண்டிய இடத்தில் காற்று மட்டும் வரும். அங்கே நிறுத்திவிட்டுக் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பிப்பாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அழித்ததை மீட்கலாமா என்று கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு எஸ்.பி. ரோட்டுக்கு அலைந்தேன். ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்து அழித்ததில் எதுவும் தேறாது என்று உதட்டைப் பிதுக்கினார்கள். திரும்பி வந்து கம்ப்யூட்டரை மாட்டியபோதுதான் அந்த ஒரே பதிவு ஞாபகம் வந்தது. சிவப்பு. அவளிடம் சொல்லத் தயக்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

“போடுங்க, கேக்கலாம்” என்றாள். அறையில் அதே ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள்.

எதிரொலியோடு அவள் குரல் எண்ண ஆரம்பித்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலில் லாரி ஹாரன். ஆறில் பிரஸ். ஏழு என்றதும் எண்ணிக்கை நின்றது. “ஏழுக்கு மேல எண்ண மாட்டன் போங்க. பாடறன்.” அந்த ஆறு பாட்டில் முதல் பாட்டு. முதல் வரி. ஏறுகிற இடத்துக்கு வந்ததும் அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. அவள் நிறுத்தவில்லை. விசிலின் சுருதியிலேயே போய் நின்று, அது அடங்குகிற வரைக்கும் அந்த உச்சியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மெலியவே இல்லை, தடித்துக்கொண்டே போனது. “மோட்டார் போட்டாச்சு, தண்ணி புடிங்க!” என்று கீழிருந்து வீட்டுக்கார அம்மா. அதற்கும் சிரித்துவிட்டு அவள் இரண்டாவது வரிக்குள் போனாள்.

“நிப்பாட்டு! நிப்பாட்டு! சரியா வரல.”

அது நான். திரையில் பார்த்தேன். ஹாரன், விசில், பிரஸ் எல்லாவற்றையும் விட உயரமான கோடு அதுதான். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

“இன்னொரு தடவ போடுங்க” என்றாள். போட்டேன். மறுபடியும் கேட்டாள். மூன்றாவது முறை முடிந்ததும், கடைசியில் இருக்கும் என் சத்தத்தை வெட்டிவிடுகிறேன், ஒரு நிமிட வேலை, பாட்டு மட்டும் சுத்தமாக நிற்கும் என்றேன். மௌஸில் இருந்த என் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

“வேணாங்க. இருக்கட்டும்.”

“ஏன்?”

“நானா நிறுத்தல. நீங்க நிப்பாட்டச் சொல்லித்தான் நிப்பாட்டனன்னு அதுலயாச்சும் இருக்கட்டும்” என்றாள், அந்தக் கரகரத்த குரலில். பிறகு, பருப்பு வைக்க நேரமாகிவிட்டதென்று எழுந்து போனாள்.